ஆற்றுவாய் வெட்டிய கிழமை

புதன்கிழமை பெக்கோ வந்து
முகத்துவாரத்தை வெட்டியது.
மூன்று நாள் வாவி சேறு கக்கியது.
இன்று பாலமீன்மடுவில்
மணல் இரண்டு நாக்காகக் கிடக்கிறது.
தெற்கு நாக்கில்
எல்லாம் வாடைக்கு முகம் கொடுத்தபடி
இருநூறுக்குக் கிட்டக் கடற்காக்கைகள்.

மஃரூபா காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வந்தாள்.
ஹெல்மெட் கழற்றுமுன்பே கேட்டாள்:
"பெரிசு ஏதும் கிடக்கா?"

கிழமை நாட்களில் நாங்கள்
ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வெள்ளணு எண்ணுகிறவர்கள்.
கண்ணாடித் தகட்டில் ஊதாப் புள்ளிகள்.
நூறு வரும்வரை பார்த்து
எது எத்தனையென்று எழுத வேண்டும்.
ஞாயிறு ஓய்வு என்று வீட்டில் சொல்லிவிட்டு
இங்கே வந்தும் எண்ணுகிறோம்.

பழுப்புத்தலைக் கடற்காக்கை என்று பெயர்.
பழுப்பு இல்லை.
வெள்ளைத் தலை, கண்ணுக்குப் பின்னால்
நாவூறு படாமல் வைத்ததுபோல ஒரு மைப்பொட்டு.
பங்குனியில்தான் நிறம் ஏறத் தொடங்கும்.
பெயருக்கேற்ற தலை வந்ததும்
எங்களுக்குக் காட்டாமல் புறப்பட்டுவிடும்,
மலைகளுக்கப்பால் ஏதோ ஏரிக்கு.
அங்கே யார் எண்ணுகிறார்களோ.

கால் சிவப்பு.
சொண்டு சிவப்பு, நுனி கறுப்பு.
செட்டை விரித்தால் கறுப்புக்குள் ஒரு வெள்ளைச் சில்லு.
"நூற்றி எழுபத்தி நாலு" என்கிறாள்.
எனக்கு நூற்றி எழுபத்தொன்று.
யாரோ எஞ்சின் இழுக்க
கூட்டம் முழுக்க எழும்பி, கலைந்து,
இடம் மாறி இருந்தது.
மறுகா ஒன்றிலிருந்து.

வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்த அருள்வரதன்
"காகம் எண்ணினா அரசாங்கம் சல்லி தருமா?" என்றான்.
இல்லை என்றோம்.
"ஓவர்டைமும் இல்லையா?"
இல்லை.
சூடைத் தலைகளை ஒரு கை அள்ளித்
தண்ணீருக்கு மேலே எறிந்தான்.
"இப்ப எண்ணுங்க பாப்பம்."

அந்த இரைச்சலுக்குள்தான் அது வந்தது.
மற்றவை விலகி இடம் விட்டன.
முதுகு சாம்பல். மேகம் மறைத்தால் ஈயம்.
கண்ணைச் சுற்றி ஒரு மங்கல்,
முகமூடியா, மழையா தெரியவில்லை.
"ஹியூக்லின்" என்றேன்.
"பெரிய கருந்தலை. ரெண்டாம் குளிர். வால்ல பட்டி கிடக்கு."
"கால் மஞ்சள்."
"பாத்தயா?"
"ஓம், ரெண்டும்."
லென்ஸில் தூறல்.
துடைத்து நிமிர்வதற்குள்
வெட்டிய வாயைத் தாண்டிக் கடல் பக்கம் போய்விட்டது.

தகடு தெளிவில்லாவிட்டால்
நாங்கள் எழுதுகிற வரி ஒன்று இருக்கிறது:
மாதிரி போதாது, மறுபடி எடுத்தனுப்பவும்.
வியாழக்கிழமை பன்னிரண்டாம் வார்டுக்கு
இரண்டு தரம் எழுதினேன்.
மூன்றாம் தரம் கையில் நரம்பு அகப்படாமல்
பாதத்தில் குத்தினார்களாம்.
ஒன்றேகால் வயது.
அந்தத் தகட்டை நூறோடு நிறுத்தாமல்
இருநூறு வரை எண்ணினேன்.

"அதுவா?" என்றான் அருள்வரதன், வலையிலிருந்து தலை தூக்காமல்.
"நேத்தும் வந்த. அதுக்கு ஒத்தக் கால்தானே."

மஃரூபா என்னைப் பார்த்தாள்.
நான் இன்னொரு தரம் லென்ஸைத் துடைத்தேன்.

"இருக்கிற கால் என்ன நிறம், அண்ணன்?"
"காலுக்கு நிறமும் பாக்கிறயா?"

கொப்பியில், நனையாத மூலையில்
மஃரூபாதான் எழுதினாள்:
பெரியது, ஒன்று. கால், ஒன்று. இனம்,
அதற்குப் பிறகு பேனா பிடிக்கவில்லை.
ஈரக் கடதாசியில்
மையில்லாத பள்ளமாக ஒரு கேள்விக்குறி.

வடக்கு நாக்கில்
புதிதாக ஒரு கூட்டம் வந்து இறங்கிக்கொண்டிருந்தது.
"நீ இடப்பக்கம்" என்றாள்.